ஏரிக்கரையில சைக்கிள்: காவேரிப்பாக்கமா, ஏலகிரியா, மோர்தானாவா?

வேலூர் சுத்துவட்டாரத்துல சைக்கிள் ஓட்டறவங்க முக்காவாசி பேர் காலையில கிளம்பி ஹைவே சர்வீஸ் ரோட்டுலதான் போறாங்க, இல்லன்னா கோட்டைய சுத்தி ரெண்டு மூணு ரவுண்டு, ஒரு டீ, வீடு. நம்ம ஜில்லா (பழைய வடாற்காட்ட சொல்றேன், 1989ல திருவண்ணாமலை தனியா போறதுக்கு முன்னாடி இருந்தது, அப்புறம் 2019ல ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் வேற பிரிஞ்சுடுச்சு) பூராவும் ஏரிதான். பாலாறு வருஷத்துல பாதி நாள் மணலா கிடக்கும்னு தெரிஞ்சுதான் அந்தக் காலத்துலயே ஓடற கொஞ்ச நாள் தண்ணிய ஏரி ஏரியா புடிச்சு வச்சாங்க. அவ்ளோ ஏரிக்கரை இருக்கும்போது லாரி புகைய முழுங்கிக்கினு ஓட்டறத பாத்தா எனக்கு மனசு ஆறல, அதனாலதான் இத எழுதறேன்.

இது யாருக்குன்னா, 15, 20 கி.மீ. நிக்காம ஓட்டிடறவங்க, ஆனா ரேஸ் எல்லாம் வேணாம், கொஞ்சம் மூச்சு வாங்கணும், கொஞ்சம் மண் ரோடு இருக்கணும், தண்ணிய பாத்துக்கினே போகணும், மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு தூங்கணும்னு நினைக்கிறவங்களுக்கு. அதாவது ஈஸியும் இல்ல, கஷ்டமும் இல்ல, நடுவுல. அந்த மாதிரி நாலு இடம் இருக்கு: காவேரிப்பாக்கம் ஏரி, மகேந்திரவாடி ஏரி, ஏலகிரி மேல இருக்கற புங்கனூர் நிலாவூர் ஏரிங்க, குடியாத்தம் பக்கம் மோர்தானா அணை. இதுல எதுக்கு போறதுன்னு முடிவு பண்றப்ப எல்லாரும் முதல்ல கேக்கறது எத்தன கிலோமீட்டர்னுதான். நம்ம ஊர்ல அது கடைசியா கேக்க வேண்டிய கேள்வி. 30 கி.மீ. மார்கழியில விளையாட்டு, அதே 30 கி.மீ. வைகாசியில ஆளையே சாய்ச்சிடும். எந்த மாசம் போறீங்க, காத்து எந்தப் பக்கம் அடிக்குது, டயர் என்ன அகலம், நடுவுல பஞ்சரானா யாரு வருவாங்க, இந்த நாலுக்கும் பதில் சொல்லிட்டீங்கன்னா ஏரி தானா முடிவாயிடும்.

காவேரிப்பாக்கத்துல ஆரம்பிக்கிறேன், ஏன்னா என் ஓட்டு அதுக்குத்தான், அத மறைச்சு வச்சு கடைசியில சொல்ல வேண்டிய அவசியம் இல்ல. வேலூர்ல இருந்து கிழக்கால சுமார் 40 கி.மீ., வாலாஜா தாண்டி, சென்னை பெங்களூர் ஹைவேய ஒட்டியே இருக்கு. தமிழ்நாட்டுலயே பெரிய ஏரிங்கள்ல ஒண்ணு, கரை மட்டுமே 8 கி.மீ.க்கு கிட்ட. பல்லவ ராஜா மூன்றாம் நந்திவர்மன் காலத்துல வெட்டினதுன்னு சொல்வாங்க, அப்படின்னா 9ஆம் நூற்றாண்டு. பாலாத்துல வாலாஜா பக்கம் வெள்ளைக்காரன் காலத்து அணைக்கட்டு ஒண்ணு இருக்கு இல்ல, அங்க திருப்பி விடற தண்ணிதான் கால்வாய்ல வந்து இங்க ரொம்புது, ரொம்பி கோடி போச்சுன்னா, அதாவது கலங்கல் தாண்டி வழிஞ்சுதுன்னா, அது கொசஸ்தலையாத்துல சேந்து பூண்டி ஏரிக்கு போவுது, அங்க இருந்து சென்னைக்காரங்களுக்கு குடிதண்ணி. அவ்ளோ பெரிய சங்கிலியில நடுவுல நின்னு சைக்கிள் ஓட்டறோம்னு நினைக்கறப்பவே எனக்கு ஒரு மாதிரி பெருமையா இருக்கும். இதே ஊர்லதான் 1752ல கிழக்கிந்தியக் கம்பெனி தளபதி கிளைவ் படைக்கும், பிரெஞ்சுக்காரங்களும் சந்தா சாகிப் மகன் ராஜா சாகிப்பும் சேந்த படைக்கும் ராத்திரியில சண்டை நடந்துச்சு, ஆற்காடு முற்றுகை முடிஞ்ச அடுத்த வருஷம். ஹைவேல போறவங்க யாருக்கும் இது தெரியாது, அவங்களுக்கு காவேரிப்பாக்கம்னா டோல் தாண்டி வர்ற ஒரு ஊரு, அவ்ளோதான்.

ஓட்டறதுக்கு எப்படி இருக்கும்னா, கரை மேல ஏறிட்டா ஏத்தம் இறக்கம் கிடையாது, ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் கீழ நெல்லு வயலு. கால் வலிக்காது, ஆனா சும்மாவும் இருக்க முடியாது. தரை ஒரே மாதிரி இருக்காது, கொஞ்ச தூரம் கிராவல், கொஞ்ச தூரம் வெறும் மண்ணு, அப்புறம் புல்லு மூடி மாட்டு வண்டி தடம் மட்டும் தெரியும், மதகு வர்ற இடத்துல கல்லு. ஹேண்டில்ல கவனம் இருந்துக்கினே இருக்கணும், மணிக்கு 12, 14 கி.மீ. வேகம் வந்தா நல்ல வேகம். முழு கரையும் போயிட்டு திரும்பினா 16 கி.மீ., அதுவே புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு போதும். இது பக்குவமான மீடியம், ஏன்னா கஷ்டம் கால்ல இல்ல, தரையில இருக்கு. தரைய படிக்க கத்துக்கறதுக்கு இத விட நல்ல இடம் நம்ம பக்கம் இல்ல.

இன்னொரு விஷயம். நம்ம பக்கம் நிலம் பொதுவா கிழக்கால சரியுது, பாலாறு ஓடற திசையே அதுதான, அதனால பெரும்பாலான ஏரிக்கு கரை கிழக்கு ஓரத்துல இருக்கும், தண்ணி மேற்கால விரிஞ்சிருக்கும். காலையில கரை மேல நின்னா சூரியன் உங்களுக்குப் பின்னால, தண்ணி மேல வெளிச்சம் நேரா விழும், நீர்க்காகம் எங்க முங்குது, நத்தைகுத்தி நாரை எங்க நிக்குது, நாமக்கோழி கூட்டம் எல்லாமே கண்ணு கூசாம தெரியும். சாயங்காலம் போனா நேர் எதிர், தண்ணி பூரா பளபளன்னு அடிக்கும், பறவை எல்லாம் வெறும் கருப்பு உருவமா தெரியும், போட்டோ எடுக்கறவங்களுக்கு வேணா அது புடிக்கும். எனக்கு காலைதான்.

காத்தும் இதுல சேரும். ஐப்பசியில இருந்து தை வரைக்கும் வடகிழக்கு காத்து, கிழக்கால போகும்போது லேசா எதிர்ல அடிக்கும், உடம்பு புதுசா இருக்கறப்ப அந்த எதிர்காத்த தாங்கிக்கலாம், திரும்பறப்ப முதுகுல தள்ளிக்கினு வரும், அப்பதான வெயிலும் ஏறியிருக்கும், ரொம்ப உதவியா இருக்கும். ஆனி ஆடியில தலைகீழ். மேல்காத்து பறக்க அடிக்கும், போகும்போது பறந்துக்கினு போவீங்க, ஆஹா நாம எவ்ளோ வேகம்னு தோணும், திரும்பறப்ப 10 மணி வெயிலும் எதிர்காத்தும் சேந்து வாங்கும் பாருங்க, அதுல பல பேர் சைக்கிளயே விட்டிருக்காங்க. ஆடி மாசம் கிழக்கால போகாதீங்க, மேற்கால போயி கிழக்கால திரும்புங்க, அதுக்கு குடியாத்தம் பக்கம் சரி.

வேலூர்ல இருந்து காவேரிப்பாக்கத்துக்கு சைக்கிள்லயே போலாமான்னு கேட்டா, போக வர 80 கி.மீ., அதுக்கு மேல கரையில 16, அது மீடியம் கிடையாது. ஹைவே வேற, விடியகாலையில தூக்கக் கலக்கத்துல வர்ற லாரிங்க இருக்கு, சர்வீஸ் ரோடும் தொடர்ச்சியா கிடையாது, பாலத்துக்கு பாலம் மெயின் ரோட்டுல ஏற வேண்டி வரும். காருக்கு பின்னால கேரியர் இருந்தா மாட்டிக்கினு போங்க, அஞ்சாறு பேர் இருந்தீங்கன்னா குட்டியானை வண்டி ஒண்ணு பேசி எல்லா சைக்கிளையும் கயிறு கட்டி நடுவுல பழைய போர்வை வச்சு ஏத்திடுங்க, தலைக்கு பிரிச்சா பெரிய காசு இல்ல.

மகேந்திரவாடிய இதுக்கு ஜோடின்னு வச்சிக்கோங்க. ஏரி சின்னது, ஆனா கதை பெரிசு. காவேரிப்பாக்கத்துல இருந்து வடக்கால கிராமத்து ரோட்டுலயே போயிடலாம், இல்லன்னா சோளிங்கர் பக்கம் இருந்து பாணாவரம் வழியா வரலாம். ரோடு தார் ரோடு, ஆனா குறுகல், ரெண்டு பக்கமும் வயலு, நடுவுல நடுவுல பனைமரம், டிராக்டர் வந்தா நாம இறங்கி ஒதுங்கணும். தை மாசம் போனீங்கன்னா பாதி ரோட்டுல நெல்லும் வைக்கோலும் காயப் போட்டிருப்பாங்க, தயவு செஞ்சு அது மேல ஏத்தாதீங்க, இறங்கி ஓரமா தள்ளிக்கினு போங்க. அது அவங்க ஆறு மாச உழைப்பு, அதுக்கு மேல நாம டயர் தடம் போடறது நியாயமே இல்ல.

ஏரிக்கரைக்கு கிழக்கால தனியா ஒரு பாறை நிக்கும், அந்த ஒத்த பாறைய குடைஞ்சு முதலாம் மகேந்திரவர்மன் விஷ்ணுவுக்கு கோவில் பண்ணியிருக்கான், 7ஆம் நூற்றாண்டு. தூண்ல சமஸ்கிருதத்துல, பல்லவ கிரந்த எழுத்துல கல்வெட்டு இருக்கு, மகேந்திரபுரத்துல மகேந்திர தடாகத்துக் கரையில மகேந்திர விஷ்ணுகிருகம்னு. யோசிச்சு பாருங்க, ஏரி பேரு, ஊரு பேரு, கோவில் பேரு மூணும் ஒரே கல்லுல 1400 வருஷமா நிக்குது, இன்னிக்கும் அந்த ஏரியில தண்ணி நிக்குது, அந்த தண்ணியில நெல்லு விளையுது. மாமல்லபுரத்துக்கு பஸ் புடிச்சு போற நம்ம பசங்களுக்கு அதுக்கு முன்னாடி காலத்து வேலை வீட்டுக்கு பக்கத்துல இருக்கறது தெரியல, எனக்கு அது உண்மையிலயே வருத்தம். தொல்லியல் துறை பாதுகாப்புல இருக்கற இடம், சைக்கிள வெளியவே நிறுத்திட்டு உள்ள போங்க.

ஓட்டற கணக்குல பாத்தா மகேந்திரவாடி காவேரிப்பாக்கத்த விட சுலபம், தார் ரோடு அதிகம், அதனால கியர் இல்லாத சாதா சைக்கிள்லயும் போலாம். ரெண்டையும் சேத்து ஒரே காலையில முடிக்கணும்னா 40, 50 கி.மீ. ஆயிடும், நல்லா பழகினவங்களுக்கு அதுதான் சரியான சைஸ்: முதல்ல காவேரிப்பாக்கம் கரை, அப்புறம் டிபன், அப்புறம் வடக்கால மகேந்திரவாடி, வண்டிய அங்க வரச் சொல்லிட்டா திரும்பி வர்ற வேலையும் இல்ல.

இப்ப ஏலகிரி. நிறைய பேர் மனசுல சைக்கிள், ஏரின்னாலே ஏலகிரிதான் வரும், அதுக்கு காரணம் இருக்கு. சுமார் 1000 மீட்டர் உயரம், கீழ ஜோலார்பேட்டையில வேர்த்து ஊத்தறப்ப மேல ஆத்தனாவூர்ல நிழல்ல நின்னா நல்லாருக்கும். புங்கனூர் ஏரி படகு விடற ஏரி, சின்னது, சுத்தி வர கொஞ்ச நேரம்தான் ஆகும், அத மட்டும் சுத்தறதுக்கு சைக்கிள் தேவையே இல்ல, நடந்தே போலாம். உண்மையான ரைடு எங்கன்னா ஆத்தனாவூர்ல இருந்து நிலாவூர் வரைக்கும் போற ரோடு, அங்க இன்னொரு சின்ன ஏரி, நடுவுல சின்ன சின்ன கிராமம், பலாமரம், ஏத்தமும் இறக்கமும் மாறி மாறி வரும், ஒரு ஏத்தம் முடியறதுக்குள்ள அடுத்த இறக்கம் வந்துடும். கியர் சைக்கிள் இருந்தா அது அருமையான மீடியம். இல்லாதவங்க பாதி ஏத்தத்துல இறங்கி தள்ளுவாங்க, அதுவும் பரவால்ல.

ஆனா மலைய கீழ இருந்து சைக்கிள்ல ஏறறது வேற கதை. ஜோலார்பேட்டை கிட்ட இருக்கற பொன்னேரி பக்கம் இருந்து 14 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொண்ணுக்கும் பேரு வச்சிருக்காங்க, திருவள்ளுவர், இளங்கோ, கம்பர், ஔவையார்னு புலவருங்க பேரு, அப்புறம் பாரி, ஓரி, பேகன்னு வள்ளலுங்க பேரு. ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் ஏறணும், நிக்காத ஏத்தம், பழகினவங்களுக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆயிடும். இத மீடியம்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. ஏறறது கூட உடம்புக்குத்தான் கஷ்டம், இறங்கறதுதான் ஆபத்து. ரிம் பிரேக்க (சக்கரத்து வளையத்த ரப்பர் கட்டையால அழுத்தற பிரேக்) புடிச்ச புடியாவே இறங்கினா ரிம்மு சூடேறி டியூப் வெடிக்க வாய்ப்பு இருக்கு, விட்டு விட்டு புடிக்கணும், முன் பிரேக்கும் பின் பிரேக்கும் மாத்தி மாத்தி, வளைவுக்கு முன்னாடியே வேகத்த குறைச்சிட்டு வளைவுக்குள்ள பிரேக்க தொடாம போகணும். சனி ஞாயிறுல டூரிஸ்ட் வேனும் பைக்கும் வளைவ வெட்டிக்கினு வருவாங்க, குரங்குங்க வேற ரோட்டுல உக்காந்திருக்கும். அதனால என் யோசனை, சைக்கிள வண்டியில ஏத்திக்கினு மேல போயிடுங்க, மேல ஓட்டுங்க, வண்டியிலயே இறங்குங்க. செவ்வாய் புதன் மாதிரி நாள்ல லீவு கிடைச்சா போங்க, ஞாயித்துக்கிழமை வேணாம்.

ஏலகிரிய நான் ரெண்டாவதா வைக்கிறதுக்கு தூரமும் ஒரு காரணம், வேலூர்ல இருந்து 90 கி.மீ.க்கு கிட்ட, போயிட்டு வர்றதுலயே பாதி நாள் போயிடும். ஆனா சித்திரை வைகாசின்னு வந்துட்டா பேச்சே இல்ல, கத்திரி வெயில்ல கீழ 40 டிகிரி தாண்டறப்ப, காவேரிப்பாக்கம் ஏரியில பல வருஷம் வெடிச்ச சேறுதான் இருக்கும், கரையில ஒரு மரத்தடி நிழல் கிடையாது, அப்ப யாராச்சும் சைக்கிள் ஓட்டியே ஆகணும்னா ஏலகிரி மட்டும்தான் இடம். அதுவும் காலையில 9 மணிக்குள்ள.

மோர்தானா. இது பத்தி கொஞ்சம் யோசிச்சு எழுதறேன், ஏன்னா அழகுல இதுதான் முதல் இடம், ஆனா எல்லாரையும் போகச் சொல்ல எனக்கு மனசு வரல. குடியாத்தத்துல இருந்து ஆந்திரா பார்டர் பக்கம், கவுண்டன்யா மகாநதி மேல கட்டின அணை, 11.5 மீட்டர் உயரம், 261 மில்லியன் கன அடி கொள்ளளவு. மூணு பக்கமும் மலை, நடுவுல தண்ணி, ரொம்பி வழியறப்ப பாக்க கண்ணு போதாது. குடியாத்தத்துல இருந்து போற ரோடு முதல்ல மாந்தோப்பும் தென்னந்தோப்பும், அப்புறம் காடு நெருங்கும், ஏத்தம் மெதுவா, கால்ல தெரியாம ஏறிக்கினே போகும், திரும்பறப்ப பெடல் பண்ணாமலே பாதி தூரம் வந்துடலாம். சைக்கிளுக்கு ஏத்த தரை, ஏத்த தூரம், ஏத்த ஏத்தம், எல்லாம் சரி.

பிரச்சனை யானை. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆந்திராவுல கவுண்டன்யா வனவிலங்கு சரணாலயம், அங்க இருந்து யானைங்க நம்ம பக்கம் குடியாத்தம், பேரணாம்பட்டு காட்டுக்கு வர்றது வழக்கம், மாந்தோப்புல கரும்புத் தோட்டத்துல இறங்கி நாசம் பண்றதும் நடக்குது, ஆளுங்க செத்ததும் நடந்திருக்கு. கார்ல இருந்தா ரிவர்ஸ் எடுக்கலாம், சைக்கிள்ல இருந்தா என்ன பண்றது? சைக்கிள் சத்தம் போடாத வண்டி, வளைவு திரும்பற வரைக்கும் நீங்க வர்றது அதுக்கும் தெரியாது, அது நிக்கிறது உங்களுக்கும் தெரியாது, அதுதான் பயம். அதனால மோர்தானாவுக்கு போறதுன்னா நல்லா விடிஞ்சு ஆள் நடமாட்டம் ஆரம்பிச்ச பிறகு போங்க, சாயங்காலம் 4 மணிக்குள்ள குடியாத்தம் வந்துடுங்க, போறதுக்கு முன்னாடி வழியில இருக்கற கிராமத்துல ஆடு மாடு மேய்க்கிறவங்ககிட்ட நேத்து ராத்திரி யானை வந்துச்சான்னு கேளுங்க, அவங்க சொல்றதுதான் சரியான தகவல். வனத்துறை ஆளுங்க திருப்பி அனுப்பினா வாக்குவாதம் பண்ணாம திரும்பிடுங்க. தனியா போகவே போகாதீங்க. சின்னப் பசங்கள இட்டுனு போறவங்களுக்கு நான் இந்த இடத்த சொல்லவே மாட்டேன். மழை காலத்துல ஆத்துல தண்ணி எவ்ளோ வேகமா ஏறும்னு 2021 நவம்பர்ல குடியாத்தம் டவுனே பாத்துச்சு, அந்த மாதிரி நாள்ல தரைப்பாலம் எதையும் சைக்கிள்ல தாண்ட பாக்காதீங்க.

இது தவிர காட்பாடியிலயே கழிஞ்சூர் ஏரி இருக்கு, வேலைக்கு போறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பழகிக்கறதுக்கு அது போதும், அதுக்கு மேல எதிர்பாக்க வேணாம். ஜவ்வாது மலை மேல ஜமுனாமரத்தூர் கிட்ட கோமுட்டேரி இருக்கு, அழகான இடம், ஆனா மலை ரோடு நீளம், ஒரு ராத்திரி தங்கற பிளான் இருந்தா மட்டும் யோசிங்க, தங்கினா காவலூர் வைணு பாப்பு வானாய்வு மையத்தையும் சேத்துக்கலாம்.

சைக்கிள் எதுன்னு பேசாம ஏரிய முடிவு பண்ண முடியாது. கரைக்கு முதல் எதிரி வெயிலு இல்ல, வேலிகாத்தான் முள்ளு. சீமைக்கருவேலம்னு சொல்றாங்களே அதேதான், ஏரிக்கரை பூரா அதுதான், ஆடு மேய்க்கிறவங்க கிளைய வெட்டிப் போட்டிருப்பாங்க, காஞ்ச முள்ளு மண்ணுக்குள்ள நட்டுக்கினு இருக்கும், செருப்பையே துளைச்சுக்கினு வர்ற முள்ளு டியூப்ப விடுமா. ரோடு சைக்கிள்னு சொல்ற ஒல்லி டயர் வண்டிய கரைக்கு எடுத்துக்கினு வராதீங்க, அது தார் ரோட்டுக்கு செஞ்சது, அத வச்சிருக்கறவங்க மகேந்திரவாடி ரோடு, ஏலகிரி மேல ரோடு இது ரெண்டோட நிறுத்திக்கோங்க. ஹைபிரிட் வண்டி (ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவா செஞ்சது) 38, 40 மில்லிமீட்டர் டயரோட இருந்தா எல்லாத்துக்கும் வரும், காத்த மட்டும் கொஞ்சம் குறைச்சிக்கோங்க, ரோட்டுல 60 பிஎஸ்ஐ (காத்து அழுத்தத்தோட அளவு) வச்சா கரையில 45க்கு இறக்குங்க, குலுக்கல் குறையும், மண்ணுல புடிமானம் வரும். எம்டிபி, அதாவது மலை சைக்கிளோட அகல டயருக்கு 30, 35 போதும். முன்னால சஸ்பென்ஷன் இருந்தா நல்லதுதான், ஆனா விலை கம்மியான வண்டியில வர்ற ஸ்பிரிங் வெறும் கனம்தான், அதுக்கு பதிலா அந்த காச நல்ல டயர்ல போடுங்க.

டியூப்புக்குள்ள சீலன்ட் (ஓட்டைய தானா அடைக்கற திரவம்) ஊத்திக்கறது இல்லன்னா டயருக்கும் டியூபுக்கும் நடுவுல லைனர் பட்டை போடறது, ரெண்டுல ஒண்ணு கட்டாயம். ஸ்பேர் டியூப், ரெண்டு டயர் லீவர், கை பம்பு பைக்குள்ள இருக்கணும். முக்கியமா ஒண்ணு: உங்க டியூப்ல இருக்கறது ஒல்லியான பிரெஸ்டா வால்வுன்னா கிராமத்து பஞ்சர் கடை பம்பு அதுல ஏறாது, சின்ன பித்தளை அடாப்டர் ஒண்ணு கடையில கிடைக்கும், வாங்கி வால்வுலயே மாட்டி வச்சிடுங்க. அந்த விதத்துல பழைய அட்லஸ், ஹெர்குலிஸ் வச்சிருக்கறவங்க கொடுத்து வச்சவங்க, எந்த ஊர்ல நின்னாலும் சரி பண்ண ஆளு கிடைக்கும், காவேரிப்பாக்கம் கரையில பால்காரர் தினம் ரெண்டு கேன கட்டிக்கினு அதுலதான் போறாரு. அதனால புது வண்டி வாங்கினாதான் ஏரிக்கு போக முடியும்னு யாரும் நினைக்காதீங்க, வீட்டுல இருக்கற வண்டிக்கு செயின்ல எண்ணெய் விட்டு, பிரேக் கட்டைய மாத்தி, டயர் வெடிச்சிருக்கான்னு பாத்துக்கினாலே கிளம்பிடலாம்.

மழை பேஞ்ச உடனே கரைக்கு போகக் கூடாது, இத அழுத்தி சொல்றேன். கரை களிமண்ணு போட்டு இறுக்கினது, தண்ணி நிக்கணும்னா அப்படித்தான் கட்டணும், அது நனைஞ்சா டயர்ல அப்பிக்கும், பிரேக்குக்கும் டயருக்கும் நடுவுல அடைச்சு சக்கரமே சுத்தாது. அது மட்டும் இல்ல, நனைஞ்ச கரையில நாம போட்ற தடம் அப்படியே பள்ளமா காஞ்சு அடுத்த மழைக்கு தண்ணி ஓடற வாய்க்காலா ஆயிடும். கரை உடைஞ்சா பாதிக்கப்படறது நாம இல்ல, கீழ வயலு வச்சிருக்கறவங்க. ரெண்டு நாள் நல்ல வெயில் அடிச்ச பிறகு போங்க. புல்லு மூடின இடத்துல கண்ணாடி விரியன் இருக்கும், சைக்கிள்ல இருந்து இறங்கி கால வைக்கிறதுக்கு முன்னாடி பாத்து வைங்க. எவ்ளோ வேர்த்தாலும் ஏரியில இறங்காதீங்க, மண்ணு எடுத்த பள்ளம் எங்க இருக்குன்னு மேல இருந்து தெரியாது, ஒரு அடி இடுப்பளவு, அடுத்த அடி ஆள் மட்டத்துக்கு மேல, மதகு கிட்ட உள்ள இழுக்கும்.

ஆளுக்கு ஆள் என்ன எடுக்கலாம்னு என்ன கேட்டீங்கன்னா, பத்து பன்னெண்டு வயசு பசங்கள இட்டுனு போற அப்பா அம்மா காவேரிப்பாக்கம் கரையில பாதி தூரம் போயி திரும்புங்க, பசங்களுக்கு வண்டி பயம் இல்லாத இடம் அதுதான், ஆனா தண்ணிப் பக்கம் நீங்க ஓட்டுங்க, பசங்க வயல் பக்கம் வரட்டும். அம்பது அறுபது வயசுல முட்டி வலியோட ஓட்டறவங்க மகேந்திரவாடி, தார் ரோடு குலுக்காது, ஏத்தம் இல்ல, கோவில் நிழல்ல உக்காந்து எழுந்து வரலாம். வாராவாரம் 50 கி.மீ. ஓட்டற பசங்க, கால் பலம் பாக்கணும்னு நினைக்கிறவங்க, ஏலகிரி மேல நிலாவூர் வரைக்கும் போயிட்டு வந்துட்டு அப்புறம் வளைவு ஏறறத பத்தி யோசிங்க. மோர்தானா நாலஞ்சு பேர் சேந்த கூட்டத்துக்கு மட்டும்.

ஒருத்தருக்கு வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் கிடைக்கும்னா, மார்கழி கடைசி இல்லன்னா தை முதல் வாரம், மழை நின்னு ரெண்டு மூணு நாள் ஆனதும், காவேரிப்பாக்கம். அப்ப ஏரி ரொம்பியிருக்கும், நெல்லு பழுத்து நிக்கும், பனி 8 மணி வரைக்கும் தண்ணி மேல இருக்கும், பறவையும் அப்பதான் அதிகம். வேலூர்ல இருந்து 5 மணிக்கு வண்டி எடுத்தா விடியறப்ப கரையில இருக்கலாம், 6 மணிக்கு முன்னாடி ஓட்ட வேணாம், இருட்டுல முள்ளும் தெரியாது பள்ளமும் தெரியாது. ஆளுக்கு ரெண்டு லிட்டர் தண்ணி, கொஞ்சம் கடலை மிட்டாய், வாழைப்பழம், கரை மேல கடை எதுவும் இல்ல. 9 மணிக்கு முடிச்சிட்டு திரும்பறப்ப ஆற்காட்டுல நிறுத்தி மக்கன் பேடா வாங்கிக்கோங்க, அவ்ளோ ஓட்டினதுக்கு அது தாங்கும். கிளம்பறதுக்கு முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பக்கம் யாராச்சும் தெரிஞ்சவங்களுக்கு போன் போட்டு கரை காஞ்சிருக்கான்னு மட்டும் கேட்டுடுங்க, இன்னும் ஈரம்னு சொன்னா ஏரிய மாத்தாதீங்க, நாள மாத்துங்க.